மொட்டை மாடியில் பேனல் ஏற்றும் முன்

திருவொற்றியூர், இராயபுரம், எண்ணூர் பக்கத்தில் புதுக் குடித்தனம் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, சோலார் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடலாம். ஆனால் 2012ஐ மறந்துவிடாதீர்கள். ஊரைச் சுற்றி அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நின்றும் சென்னைக்கே தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதாலேயே வீட்டில் விளக்கு எரிந்துவிடாது. அதனால் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் செலவைக் குறையுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கும். நான்கு ஃபேன் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட் பேனல் நாளெல்லாம் தருவது சுமார் நான்கு யூனிட்தான். ஃபேனை மாற்றினாலே பாதிப் பேனல் போட்டதற்குச் சமம். மின்சாரத்தை வீணடிக்கும் வீட்டில் சோலார் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

2. பில்லில் வராத கணக்கையும் பாருங்கள். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் எடுக்க அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் முப்பது, நாற்பது சதவீதம் சாம்பல். அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்ததை மீன்பிடிக்கிற குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு மிச்சமாவது காசு. நமக்கு ஆறும் சேர்த்து.

3. கரண்ட் போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும். இதைத்தான் பலர் தெரியாமல் வாங்குகிறார்கள். ஈ.பி. லைனோடு சேர்த்து ஓடும் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இல்லை என்றால் தானே அணைந்துவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. லைனுக்கு நாம் கொடுக்கும் மின்சாரத்தைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் பில்லைக் குறைக்கும், கரண்ட் கட்டில் உதவாது. கட் நேரத்திலும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். விற்பவரிடம் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்.

4. பேட்டரிக்குப் பட்டியல் போடுங்கள். 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். மூன்று பி.எல்.டி.சி. ஃபேன், நான்கு எல்.இ.டி. பல்பு, ஒரு வைஃபை பெட்டி என்றால் ஐந்து மணி நேரம் தாங்கும். ஏ.சி., கிரைண்டர், அயர்ன் பாக்ஸை அந்த லைனில் சேர்க்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறக்காதீர்கள்.

5. நிழலைப் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும். தெற்குப் பார்த்து, பதின்மூன்று டிகிரி அளவில் சாய்ந்திருந்தால் போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு வரிசையாகக் கோத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம்.

6. உப்புக்கும் தூசுக்கும் தயாராக இருங்கள். இது துறைமுக ஊர். கடல்காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடிக்கும். நன்றாகக் கால்வனைஸ் செய்த சட்டமும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியை விடியற்காலையில், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம். உச்சி வெயிலிலும் வேண்டாம்.

7. புயலை நினைத்துக் கட்டுங்கள். 2016 டிசம்பர் 12இல் வர்தா கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. சட்டத்தை கான்கிரீட்டில் ஆழமாக இறக்குங்கள். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரையில் வைக்காமல் வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் கம்பியில் மின்சாரம் இருக்கும், கை வைக்காதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று வருடா வருடம் சோதியுங்கள்.

8. வெயிலோடு வேலை செய்யுங்கள். மோட்டார், வாஷிங் மெஷின், மாவரைப்பு எல்லாவற்றையும் பகலில் முடியுங்கள். சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை ஊரே ஒன்றாக மின்சாரம் இழுக்கும் நேரம். அப்போது சூரியன் இல்லை. தமிழ்நாட்டுக் காற்றாலைகளும் பெரும்பாலும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் முழு வீச்சில் சுற்றும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் குறையும், மேகமும் மூடும். அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

9. சொந்த மாடி இல்லை என்று ஒதுங்காதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் போடலாம். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முதல் அறிவுரை போதும். ஃபேனை வீடு மாறும்போது கையோடு கழற்றிப் போகலாம்.

10. மானியத்துக்காகப் பெரிதாகப் போடாதீர்கள். அதே திட்டத்தில் தனி வீட்டுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். பதிவு பெற்ற நிறுவனம்தானா என்று பார்த்து, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

இன்று மாலையே கடைசி ஆறு ஈ.பி. பில்களை எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளின் வாட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த வியாபாரியையும் வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள்.