பள்ளிக்கூடத்தில் வீணாகும் மின்சாரம் யாருடைய அமானிதம்?

(பொன்மலை ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பொதுப் பள்ளியின் மதில் ஓரமாக நடந்து போனேன். பள்ளி பூட்டியிருந்தது. ஆனால் ஒரு வகுப்பறையின் ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, டியூப் லைட்டும் எரிகிறது. உடன் வந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "விடுங்க பாய், கவர்மெண்ட் கரண்ட்தானே, யார் வீட்டுக் காசு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு மார்க்கம் என்ன பதில் சொல்கிறது என்பதே இன்றைய உரை.

முதலில் கணக்கு

ஒரு வகுப்பறையில் நான்கு பழைய மின்விசிறிகள், சோக் வைத்த நான்கு டியூப் லைட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். விசிறி ஒன்றுக்கு 75 வாட். டியூப் லைட் ஒன்றுக்கு சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 50 வாட். மொத்தம் 500 வாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு அரை யூனிட்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அணைக்காமல் பூட்டிவிட்டால், திங்கள் காலை 9 மணி வரை 65 மணி நேரம். முப்பத்திரண்டரை யூனிட் போய்விட்டது. இப்படி மூன்று வாரம் நடந்தால் தொண்ணூற்றேழு யூனிட். நம் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். ஒரு குடும்பம் இரண்டு மாதம் விளக்கேற்ற வேண்டிய மின்சாரத்தை, ஆளில்லாத ஓர் அறை மூன்றே வார இறுதிகளில் தின்றுவிடுகிறது.

மறதியைக்கூட விடுங்கள். மதிய உணவு இடைவேளையில் பிள்ளைகள் வெளியே இருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் அணைக்காமல் விட்டாலும், 210 வேலை நாட்களில் ஓர் அறைக்கு 105 யூனிட். பத்து அறைகளுக்கு ஆயிரத்தைத் தாண்டும். அனல் மின்நிலையத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. அது ஒடிசாவில் வெட்டப்பட்டு, கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து சேருகிறது. அவ்வளவு உழைப்பும் காலி பெஞ்சுகளுக்குக் காற்று வீசுவதற்கா?

வீண் விரயமும் கஞ்சத்தனமும்

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்பது சூரத்துல் அஃராஃப் 31ஆம் வசனத்தின் கருத்து. வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்றே சூரத்து பனீ இஸ்ராயீல் 27ஆம் வசனம் எச்சரிக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூரத்துல் ஃபுர்கான் 67ஆம் வசனம் நல்லடியார்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் காட்டமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே இருப்பார்கள் என்று சொல்கிறது. எனவே சேமிப்பு என்ற பெயரில் பிள்ளைகளை இருட்டில் படிக்க வைப்பதும், திருச்சியின் சித்திரை வெயிலில் விசிறியை அணைத்துவிட்டுப் பரீட்சை எழுதச் சொல்வதும் மார்க்கம் சொல்லும் சிக்கனம் அல்ல. தேவைக்குத் தாராளம், தேவையற்றதற்கு ஒரு சொட்டும் இல்லை. இதுதான் அளவுகோல்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிமில் வருகிறது. இன்றைய அளவில் அது முக்கால் லிட்டருக்குள்தான். பள்ளிக்கூடத்தின் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே போகிறோமே, அங்கே தண்ணீர் மட்டுமா வழிகிறது? அதை மேலே ஏற்றிய மின்சாரமும் சேர்ந்தே வழிகிறது.

இரவில் உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். இன்று எலி திரியை இழுப்பதில்லை. ஆனால் பழைய வயரிங்கில் இரவெல்லாம் ஓடும் விசிறி சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

பொதுச் சொத்து என்றால் பயம் கூட வேண்டும்

"யார் வீட்டுக் காசு?" என்ற கேள்விக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரத்தை வீணாக்கினால் நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு. பொது மின்சாரத்தை வீணாக்கினால் அதில் கோடிக்கணக்கான மக்களின் பங்கு இருக்கிறது. அத்தனை பேரிடமும் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் அம்பு பட்டு ஒருவர் இறந்தார். மக்கள் அவருக்குச் சொர்க்கம் என்று வாழ்த்தினார்கள். நபி (ஸல்) அவர்களோ, பங்கிடப்படும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்றார்கள். இதைக் கேட்ட ஒருவர் நடுங்கிப்போய், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். புகாரியில் இடம்பெறும் செய்தி இது. ஒரு செருப்பு வாருக்கே இந்த நடுக்கம்!

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், அரசு வேலை முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் பொதுப் பணத்தில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார்கள் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறது. "கவர்மெண்ட் விளக்குத்தானே" என்று அவர்கள் சொல்லவில்லை.

பொன்மலைக்காரர்களுக்கு இது புதிதல்ல

இந்த ஊர் 1928 முதல் ரயில்வே பணிமனையின் ஊர். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த கைகள் இங்கே இருக்கின்றன. நீராவிக் குழாயில் சிறு கசிவு இருந்தால் எவ்வளவு எரிபொருள் வீணாகும் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கண்ணோடு நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை ஒருமுறை பாருங்கள்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1994இல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் கவனமாக இருந்து மிச்சப்படுத்தும் மின்சாரச் செலவில் பாதி அந்தப் பள்ளிக்கே திரும்பக் கிடைக்கும், மீதி நகராட்சிக்கு. பிறகு வேறு பல ஊர்களும் அதைப் பின்பற்றின. நம் மாநில அரசும் பசுமைப் பள்ளிக்கூடம் என்ற திட்டத்தில் சூரிய மின்சாரம், மழைநீர் சேமிப்பு, காய்கறித் தோட்டம் ஆகியவற்றைப் பள்ளிகளுக்குக் கொண்டுவருகிறது. டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். நம் பிள்ளைகள் ஓவியப் போட்டியில் அழகாகப் படம் வரைகிறார்கள். படம் வரைந்த அதே கை, வகுப்பை விட்டு வரும்போது சுவிட்சையும் அணைக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். மின் கட்டண ரசீதை மாதாமாதம் அங்கே வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

2. வகுப்புக்கு இரண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை சுழற்சியில் "சுவிட்ச் பொறுப்பாளர்" ஆகட்டும். இடைவேளையிலும், மாலையிலும், கணினி அறையிலும் அணைப்பது அவர்கள் அமானிதம்.

3. வசதியுள்ளவர்கள் ஸதகாவாக ஒரு வகுப்பறைக்கு எல்.இ.டி. விளக்குகளும், 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளும் வாங்கிக் கொடுங்கள். காற்று குறையாது, மின்சாரம் பாதிக்கு மேல் குறையும்.

4. எலக்ட்ரீஷியன் சகோதரர்கள் ஒரு விடுமுறை நாளில், தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, வயரிங்கையும் தொட்டி மோட்டாரையும் பார்த்துக் கொடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயில் திரும்பிப் போகும், அறையின் வெக்கை தணியும்.

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதைப் பேசவில்லை. நாற்பது பிள்ளைகளைக் கவனிப்பவருக்கு ஒரு சுவிட்ச் மறந்துபோகலாம். நாம் துணை நிற்க வேண்டும் என்பதே செய்தி.

தொழுகிற இடமும் பள்ளி, படிக்கிற இடமும் பள்ளி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர்கள், பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற நபிமொழியின் கருத்து இரண்டுக்கும் பொருந்தும். ஆகவே பிறரிடம் சொல்லும் முன் நம்மிலிருந்து தொடங்குவோம். இன்று தொழுகை முடிந்து எழும்போது, காலியான வரிசைக்கு மேலே சுற்றும் விசிறியைக் கடைசியாகப் போகிறவர் அணைத்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை உங்கள் பிள்ளை அதைத் தன் வகுப்பறையில் செய்வான், இன்ஷா அல்லாஹ்.

நமக்குத் தந்த அருட்கொடைகளை வீணாக்காமல், அமானிதத்தைப் பேணி வாழ்ந்து, மறுமையில் தலைகுனியாமல் நிற்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.