தணிந்ததா, மறைந்ததா?

'இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை' என்று நாம் மனநிறைவோடு சொல்லிக்கொள்வதுண்டு. பதஞ்சலி முனிவர் இந்தச் சான்றிதழை எளிதில் வழங்குவதில்லை.

அறியாமை, 'நான்' என்னும் உணர்வு, விருப்பு, வெறுப்பு, உயிர்ப்பற்று ஆகிய ஐந்தையும் கிலேசங்கள் என்று யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதம் குறிப்பிடுகிறது. அறியாமையாகிய நிலத்தில் விளையும் மற்ற நான்கும் நான்கு நிலைகளில் இருக்கக்கூடும்: உறங்குவது (பிரசுப்தம்), மெலிந்தது (தனு), இடைமறிக்கப்பட்டது (விச்சின்னம்), முழுதும் வெளிப்பட்டது (உதாரம்). இவற்றுள் நம்மை மிகவும் ஏமாற்றுவது மூன்றாம் நிலையே.

சில ஆண்டுகளுக்கு முன் என் மொழிபெயர்ப்பிலிருந்த பிழை ஒன்றை மூத்த துறவி ஒருவர் பலர் முன்னிலையில் சுட்டிக்காட்டினார். புன்முறுவலோடு ஏற்றுக்கொண்டேன், சினம் எழவில்லையே என்று உள்ளூர மகிழ்ந்தேன். அன்று மாலை, அச்சுப்படியைச் சற்றுத் தாமதமாகக் கொண்டுவந்த இளைஞர் ஒருவரைக் கடிந்துகொண்டேன். அவரது முகம் வாடியதைக் கண்ட பிறகே உண்மை விளங்கியது. காலையிலேயே சினம் எழுந்திருந்தது. மரியாதை அதை இடைமறித்தது. எளியவர் ஒருவர் வரும்வரை அது காத்திருந்தது. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அலுவலகத்தில் மேலதிகாரியின் முன் விழுங்கிய சினத்திற்கு வீட்டில் குழந்தை இலக்காவதும் இவ்வாறே.

இதற்கு வழி என்ன? சிறிது நேரம் அமர்ந்து, மனத்தை அதன் போக்கில் ஓடவிட்டுக் கவனிக்குமாறு 1896-இல் வெளிவந்த 'ராஜயோகம்' நூலில் சுவாமி விவேகானந்தர் கூறுகிறார். கவனிப்பது என்பது அடக்குவதும் அன்று, அதன் வழியே செல்வதும் அன்று. உள்ளதை உள்ளபடி அறிவது. அறிந்தபின், இச்சினம் எனக்கும் பிறருக்கும் என்ன துன்பம் தரும் என்று சிந்திப்பதே பதஞ்சலி கூறும் 'பிரதிபட்ச பாவனை'. முதற்படியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தால், இனிய எண்ணங்களால் வெறுப்பை மூடிவைத்தவர்களாவோம்.

இம்மாதப் பயிற்சி:

1. பணி முடிந்து வீட்டு வாசலில் காலடி வைக்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'எதைச் சுமந்து வருகிறேன்?' என்று கேளுங்கள்.

2. விடை சினமாயின், 'சினம் இருக்கிறது' என்று மனத்துள் ஒப்புக்கொள்ளுங்கள். அது யாரிடம் எழுந்தது என்பதையும் தெளிவாக நினைவுகூருங்கள்.

3. உறங்குமுன், அன்று உங்கள் சொல்லால் வாடிய முகம் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். உண்டெனில், மறுநாளின் முதற்பணி அவரிடம் செல்வதாக இருக்கட்டும்.