தீநிரல்கள்: வரும் வழியும் தடுக்கும் வழியும்

வைரஸ்: கோப்புகளில் ஒட்டிப் பரவும். மட்டக்களப்பு, காத்தான்குடி கடைகளில் அச்செடுக்கக் கொடுத்த பென்டிரைவை வீட்டுக் கணினியில் திறக்குமுன் ஸ்கேன் செய்ய வேண்டும்.

வேர்ம்: வலையமைப்பின் ஓட்டைகள் வழியே தானாகவே பரவும். விண்டோஸை உடனுக்குடன் புதுப்பிப்பதே காப்பு.

ட்ரோஜன்: பயனுள்ள செயலிபோல நுழைந்து கடவுச்சொற்களைத் திருடும். திருட்டு மென்பொருளையும் வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்புகளையும் நிறுவக் கூடாது.

ரான்சம்வேர்: கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும். பெரும்பாலும் மின்னஞ்சல் இணைப்புகள், பழைய மென்பொருள்கள் வழியே வரும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் சேவை இதனால் தாக்கப்பட்டது. அண்மைக் காப்புப்பிரதி இல்லாததால், மே 17 முதல் தாக்குதல் வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டில் பிரதியெடுத்து, அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

தாக்கப்பட்டால்: இணைய இணைப்பை உடனே துண்டித்து, 101 இலக்கத்தில் இணையப் பாதுகாப்பு உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டை அழைக்கலாம்.