ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பு: இயக்குபவரையும் கவனியுங்கள்

வாடகை ட்ரோன் மூலம் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் முறை இப்போது பரவி வருகிறது. மருந்தின் அளவைக் கவனிக்கும் விவசாயிகள், ட்ரோனை இயக்குபவரின் வேலை முறையையும் கவனிப்பது அவசியம்.

இது குறித்து விமானத் துறை கற்ற பாடம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு சேதமடைந்தன. இறக்கையின் பின்பக்கத் தகட்டை மடக்க வேண்டிய விமானி, தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டதே காரணம். 1943இல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ், இரண்டு விசைகளும் ஒரே மாதிரியாக அருகருகே இருப்பதைக் கண்டார். சக்கர விசையில் சிறு ரப்பர் சக்கரமும், தகட்டு விசையில் ஆப்பு வடிவமும் பொருத்தச் செய்தார். கை தொட்டதுமே வேறுபாடு தெரிந்தது. இன்றும் விமானங்களில் சக்கர விசையின் பிடி சக்கர வடிவில்தான் உள்ளது. களைத்த மனிதர் தவறுவது இயல்பு. தவறு நேராதபடி ஏற்பாடு செய்வதே வழி.

ட்ரோனை இயக்குபவர் தரையில் நிற்கிறார். காற்றின் உதைப்பை அவர் உடல் உணராது. ட்ரோனின் முகப்பு அவரை நோக்கித் திரும்பினால் இடம் வலமாகத் தோன்றும். தூரத்தில் மின்கம்பி ட்ரோனுக்கு முன்னே உள்ளதா, பின்னே உள்ளதா என்பதும் எளிதில் புலப்படாது.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கவும்:

1. தெளிப்பதற்கு முன் இயக்குபவருடன் வயலைச் சுற்றி நடந்து, மின்கம்பிகளையும் மரங்களையும் காட்டவும்.

2. எதிர் வரப்பில், மருந்து மேலே படாத தூரத்தில், காற்று வரும் பக்கமாக ஒருவரை நிறுத்தவும். ஆபத்துக்கு ஒரு கைச்சாடையை முன்கூட்டியே பேசிக்கொள்ளவும்.

3. களைக்கொல்லிக்கும் பூச்சிமருந்துக்கும் வெவ்வேறு நிற வாளி, அளவுக்குவளை வைக்கவும். மாறிப் போனால் பயிர் கருகிவிடும். கலக்கும் முன் லேபிளை உரக்கப் படிக்கவும்.

4. ட்ரோன் பறக்கும்போது இயக்குபவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

5. உச்சி வெயிலிலும் பலத்த காற்றிலும் தெளிக்குமாறு அவசரப்படுத்தக்கூடாது.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, தெளிப்பு ட்ரோனை இயக்குபவர் உரிய பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வாடகை பேசும்போதே அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.