பாட்டரிக்கு ஏற்ற மின்னழுத்தம்

ஊராட்சியின் சூரிய சக்தித் தெருவிளக்குகளில் ஈய-அமிலப் பாட்டரி நீடித்து உழைப்பது, சீராக்கியில் நாம் நிர்ணயிக்கும் மின்னழுத்தத்தைப் பெரிதும் பொறுத்தது.

12 வோல்ட் பாட்டரியில் 6 செல்கள் உள்ளன. மின்னேற்றத்தின்போது சுமார் 14.4 வோல்ட் வரை உயர விடலாம். முழுதும் ஏறியபின் செல் ஒன்றுக்கு 2.25 முதல் 2.30 வோல்ட் போதுமாதலால், 13.5 முதல் 13.8 வோல்ட் வரை நிறுத்த வேண்டும். மின்னழுத்தம் நெடுநேரம் மிகுந்திருப்பின் உள்ளிருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். குறைந்தே இருப்பின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும்.

மேற்கண்ட அளவுகள் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குரியவை. கோடையில் பாட்டரி 40 டிகிரியை எட்டுமாயின், நிறுத்தும் அளவில் சுமார் கால் வோல்ட் குறைத்தல் நலம்.

தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் வேறு அளவு இருப்பின் அதனையே பின்பற்றுக. லித்தியம் பாட்டரிக்கு இவை பொருந்தா. மாதமொரு முறை அளந்து பதிவு செய்வோமாயின், ஊர்ப் பொதுப்பணம் வீணாகாது, தெருவும் இருளாது.