பழைய டிரெய்லருக்கு எந்த ஏசி?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். 1960களில் செய்த 13 அடி ஷாஸ்டா டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூரை ஏசி வைப்பதா, ஜன்னல் ஏசியே போதுமா?

பதில்: ஜன்னல் ஏசியே போதும். அந்தக் காலத்து டிரெய்லரின் கூடு மரச்சட்டம். அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு. கூரை ஏசியின் எடையோ 35 முதல் 45 கிலோ. காற்றுப்போக்கிக்கு விடும் 14 அங்குலச் சதுரத் திறப்பில் அது கச்சிதமாக உட்காரும் என்பதுதான் ஆசை காட்டும். ஆனால் உள்ளே மரம் உளுத்திருந்தால் கூரை குழிந்து, மழைநீர் தேங்கி, ஒழுகத் தொடங்கும்.

இந்தச் சிறிய அறைக்கு 5,000 பிடியூ ஏசி தாராளம். அது 4, 5 ஆம்பியர்தான் இழுக்கும். 13,500 பிடியூ கூரை ஏசி 12 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 15 ஆம்பியர் இணைப்பில் கூடவே காபி மேக்கரையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும்.

அழகான பழைய ஜன்னலை வெட்ட வேண்டியதில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் ஏசியைப் பொருத்தி, வெளிச்சுவரில் காற்றுத் துளைகளுள்ள சிறு கதவு வைக்கலாம். ஏசியின் பின்புறமும் பக்கத் துளைகளும் வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும். அடைபட்டால் சூடு அறைக்கே திரும்பும். தண்ணீர் வெளியே வடிய, பின்பக்கம் சற்றே சரிந்திருப்பது நல்லது.

ஏசிக்குப் பதில் ஏர் கூலர் வைக்கலாமா என்றால், அது அரிசோனாவின் வறண்ட வெயிலுக்குத்தான் சரி. ஹூஸ்டன் புழுக்கத்தில் அது ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்வது போலத்தான்.