எடை இறங்கிற்று, ஓட்டம் நிற்கலாமா?



வருஷக்கணக்காய்ப் பெருத்த சரீரத்தோடு கஷ்டப்பட்டு, பிறகு முப்பது நாற்பது கிலோ இறக்கி, "நானும் ஒரு ஓட்டப் பந்தயத்தில் ஓடிப் பார்க்கணும்" என்று ஆசைப்படுகிறவர்கள் நம் நடுவிலே உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் ஆயத்தமில்லாமல் ஓடினால் முழங்கால் போகும். ஓடி முடித்ததும் நின்றுவிட்டால் இறக்கின எடை திரும்பி வரும். ஆகவே இந்தப் பாடத்தைக் கவனமாய்ப் படியுங்கள்.

ஒரு மனுஷனுடைய ஓட்டம்

ஜெர்மனி தேசத்தில் யோஷ்கா ஃபிஷர் என்று ஒரு அரசியல் தலைவர். பசுமைக் கட்சிக்காரர். 1996-ல் அவர் எடை 112 கிலோ. ஓயாத வேலை, வயிறு நிறையச் சாப்பாடு, கூடவே குடி. அந்த வருஷம் மனைவி அவரை விட்டுப் பிரிந்தார். அந்த அடி அவரை உலுக்கிவிட்டது.

அப்போது பாராளுமன்றம் பான் நகரத்தில், ரைன் நதிக்கரையில் இருந்தது. அங்கேதான் ஓடத் தொடங்கினார். முதல் நாள் சில நூறு மீட்டரிலேயே மூச்சு வாங்கிற்று. ஆனாலும் விடவில்லை. குடியை விட்டார், சாப்பாட்டை மாற்றினார், மழையோ குளிரோ ஓடினார். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் 75 கிலோவுக்கு வந்துவிட்டார்! 1998 ஏப்ரலில், ஐம்பது வயது நிறைந்த அதே மாதத்தில், ஹாம்பர்க் மாரத்தானை 3 மணி 41 நிமிஷத்தில் ஓடி முடித்தார். அந்த வருஷமே வெளியுறவு அமைச்சரானார். 1999-ல் தன் ஓட்டத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

இதோடு நிறுத்தினால் கேட்க இனிமையாயிருக்கும். ஆனால் மீதியையும் சொல்லணுமே! பின்வந்த வருஷங்களில் ஓட்டம் தளர்ந்தது, எடை மறுபடியும் ஏறிற்று. தேசமே அதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தது. அவரைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. 37 கிலோ இறக்கி மாரத்தானும் ஓடின மனுஷனே பின்வாங்க நேர்ந்ததென்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்!

1. சரீரம் பழைய எடையை மறக்காது

அமெரிக்காவில் டெலிவிஷனில் எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானோருக்கு எடை திரும்பியிருந்தது. அதுமட்டுமல்ல, அவர்கள் சரீரம் சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாயிருந்தது. இது சோம்பேறித்தனம் அல்ல, சரீரத்தின் சுபாவம். எடை ஏறினவர்களைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று லேசாய்ச் சொல்லிவிடாதிருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. அதே ஜனங்களில் எடையைக் காத்துக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தபோது, நடையையும் உடற்பயிற்சியையும் கூட்டிக்கொண்டவர்களே என்று தெரிந்தது. ஆகவே ஓட்டம் மெடலுக்காக அல்ல, காவலுக்காக.

2. மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

எடை குறைந்தது முழங்காலுக்குப் பெரிய இளைப்பாறுதல். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி காட்டிற்று. ஆனால் ஓட்டம் நடையைப் போல் அல்ல. ஒவ்வொரு அடியிலும் சரீர எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது.

இருதயமும் மூச்சும் சில வாரங்களில் பலப்படும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதங்கள் ஆகும். இங்கேதான் அநேகர் விழுகிறார்கள். "மூச்சு நன்றாயிருக்கிறதே" என்று தூரத்தைக் கூட்டுவாங்க, ஒரு மாதத்தில் நொண்டிக்கொண்டு வருவாங்க.

எப்படித் தொடங்கலாம்? முதலாவது, அரைமணி நேரம் சிரமமில்லாமல் வேகமாய் நடக்கப் பழகுங்கள். பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஓய்வு வேண்டும். ஓடும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடியணும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நல்ல ஷூ வாங்குங்கள். தளர்ந்த தோல் உரசிப் புண்ணாகும் இடங்களில் வாசலின் தடவி, இறுக்கமான உள்ளுடை போடுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. எலும்பில் ஒரே இடத்தில் வலி நிலைத்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

3. மாத்திரையும் சாப்பாடும்

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கிறவர்களே, கவனியுங்கள்! 110 கிலோவில் எழுதின மருந்து 75 கிலோவில் அதிகமாய்ப் போகலாம். இன்சுலின் போடுகிறவர் ஓடும்போது சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். ஓடத் தொடங்குமுன் டாக்டரிடம் மருந்தளவைக் கேளுங்கள், நீங்களாகவே குறைக்காதிருங்கள்.

சாப்பாட்டில் இரண்டு தப்பு உண்டு. ஒன்று, எடை பயத்தினால் பட்டினியாய் ஓடுவது. அதனால் தசை கரையும், எலும்பு பெலவீனப்படும். முட்டை, பருப்பு, மீன் ஏதாவது தினமும் இருக்கட்டும். மற்றொன்று, "ஓடினேனே, சாப்பிட்டால் என்ன?" என்பது. 75 கிலோ உள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 375 கலோரி. ஒரு பிளேட் பிரியாணி அதை விழுங்கிவிடும்!

4. முதல் பந்தயம்

எடுத்தவுடன் மாரத்தான் வேண்டாம். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, அதற்குப் பிறகு 21. மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் எங்கேயும் ஓடிப்போகாது.

அன்றைக்குப் புது ஷூ, புது உணவு வேண்டாம். கூட்டத்தின் பின்புறத்தில் நில்லுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் பாய்வாங்க, நீங்கள் பாயாதிருங்கள். முதல் கிலோமீட்டரை மெதுவாய் ஓடினவர்தான் கடைசிக் கிலோமீட்டரைச் சந்தோஷமாய் ஓடுவார். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து. நடக்க வேண்டியிருந்தால் நடங்கள். கடைசியாய் வந்தாலும் ஓடி முடித்தவர் முடித்தவரே.

5. பந்தயத்துக்கு மறுநாள்

பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. மெடல் சுவரில் தொங்கும், எல்லாரும் கைகொடுப்பாங்க. ஷூ மூலைக்குப் போகும். ஒரு வாரம் பத்து நாளாகும், பத்து நாள் இரண்டு மாதமாகும். பின்வாங்குதல் சத்தமில்லாமல்தான் வரும்.

ஆகவே முதல் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கும்போதே, அதற்குப் பின் என்ன என்றும் தீர்மானியுங்கள். சில நாள் ஓய்வெடுங்கள், பிறகு சின்ன ஓட்டம். வேலை நெருக்கும் நாளில் இருபது நிமிஷ நடையாவது இருக்கட்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு கிலோ ஏறும்போதே விழித்துக்கொண்டால் இருபது கிலோவோடு போராட வேண்டியதில்லை. ஏறியே போயிற்றா? வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதிருங்கள். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஆரம்பித்த இடம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள்

1. நான் ஓடுவது ஒரு நாளைய கைதட்டலுக்கா, மீதியான என் நாட்களுக்கா?
2. போன வாரம் எத்தனை நாள் ஷூ போட்டேன்?
3. எடை திரும்பின ஒருவரைக் கண்டால் பரியாசம் பண்ணுகிறேனா, "வாங்க, நாளைக்குக் காலையில் சேர்ந்து நடப்போம்" என்று கூப்பிடுகிறேனா?